முக்கால் சுற்று

புன்னைவிளை முதன்முறையாகத் திரும்பியது ஆவணி மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்தில். அந்த வேளையில் கடைத்தெருவின் கிழக்கு வரிசைக் கடைகள் எதிர்வெயிலுக்கு அஞ்சிச் சாக்குப் படுதாக்களைத் தொங்கவிட்டிருந்தன. மேற்கு வரிசைக் கடைகள் தங்கள் நிழலில் சாய்ந்து கிடந்தன. உண்டு முடித்தவர்கள் தெற்கே தலைவைத்து உறங்கினார்கள். கருப்பட்டி மூட்டைகள் அடுக்கிவைக்கப்பட்ட பழைய கிட்டங்கிக்குள், தரையிலிருந்து நான்கடி உயரத்தில் நிறுத்தப்பட்ட, ஐந்து மீட்டர் நீளமும் ஓர் உள்ளங்கை அகலமும் உள்ள கட்டையின்மேல், ஏழாம் வகுப்பு மாணவி முத்துப்பேச்சி வலது முன்பாதத்தில் உயர்ந்து, இடது பாதத்தை முழங்காலோடு ஒட்டி, வலப்பக்கமாகத் தன் வாழ்வின் முதல் பாதிச் சுற்றைச் சுற்றினாள். குதிகாலை இறக்கினாள். விழவில்லை. அவள் திரும்பவும் இல்லை. அவளைத் தவிர மற்றவை எல்லாம் திரும்பியிருந்தன.

கிழக்கு வரிசையின் முகத்திலிருந்த வெயில் எழுந்து தெருவைக் கடந்து மேற்கு வரிசையின் முகத்தில் உட்கார்ந்தது. தெற்கே தலைவைத்திருந்தவர்கள் அனைவரும் வடக்கே தலைவைத்தவர்கள் ஆகிவிட்டபடியால், ஒரே கெட்ட கனவைக் கண்டவர்களைப்போல ஒரே நேரத்தில் விழித்து, தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப்போட்டு, மீண்டும் படுத்தார்கள். வடக்கு எல்லைக்கல்லைத் தாண்டி ஊருக்குள் நுழையும் மூன்றேகால் மணிப் பேருந்து, வழக்கமான சாலையில் வழக்கமான வேகத்தில் வந்து, முதலில் தென்படவேண்டிய அம்மன் கோயிலுக்குப் பதிலாகச் சுடுகாட்டைக் கண்டது. நடத்துநர் சுடலைமணி படியில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, ஊரு அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்திருக்கு. மெதுவாப் போங்க," என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு விசிலை ஊதினார்.

புன்னைவிளை வட்டமான ஊர். நான்கு திசையிலிருந்தும் நான்கு சாலைகள் நான்கு எல்லைக்கற்களைத் தாண்டி உள்ளே வருகின்றன. கற்களுக்கு உள்ளே இருந்தவை யாவும் திரும்பின. வெளியே இருந்த பனங்காடும் வயலும் வானமும் இருந்தபடியே இருந்தன. ஊரின் நடுவில் கிட்டங்கி. வண்டிகள் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறுவதற்காக நான்கு பக்கமும் நான்கு பெரிய வாசல்கள் வைத்துக் கட்டப்பட்டது. கருப்பட்டி வியாபாரம் வேறிடம் போனபின் அங்கே ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி மையம் வந்தது. எத்தனை முறை கழுவினாலும் இனிப்பு வாசனை போகாத தரையிலிருந்து எறும்புகள் வரிசையாகக் கட்டையின் காலில் ஏறி, கட்டையின் நீளம் முழுவதும் நடந்து, மறு காலில் இறங்கும். அவற்றின் நடையில் தடுமாற்றம் இருந்ததில்லை என்பதால், பயிற்சியாளர் ரோஸ்லின் அவற்றைத் துடைத்தெறிய யாரையும் விட்டதில்லை.

ரோஸ்லினுக்கு வயது இருபத்தாறு. முழங்கால் முறிவதற்கு முன் நான்கு மாநிலங்களில் கட்டையேறியவள். அன்று கிட்டங்கியின் கிழக்கு வாசலில் மேற்கு வானம் தெரிவதைப் பார்த்தாள். பிறகு பேச்சியைப் பார்த்தாள்.

"கடைசில முழங்கால் மடங்கிட்டு," என்றாள். "அதப் பூட்டு. இன்னொரு தடவ."

"இன்னொரு தடவ திரும்பினா எல்லாம் மறுபடி மாறிரும்லாக்கா?"

"அப்ப இன்னைக்குப் போதும். நாளைக்கு."

கிழக்கு வாசலுக்கு நேரெதிரே, தெருவின் அந்தப் பக்கத்தில், பேச்சியின் தாய் தங்கக்கனியின் வடைக்கடை இருந்தது. பேச்சியின் தந்தை லாரியோடு வடநாடு போய் மாதத்துக்கு நான்கு நாள் வருகிறவர். மற்ற இருபத்தாறு நாளும் அந்தக் கடையிலிருந்து தங்கக்கனி கிட்டங்கியின் உள்ளே கட்டையைப் பார்க்கலாம், கட்டையிலிருந்து பேச்சி எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கலாம். இருவரும் பார்த்துக்கொள்வதாக ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலைக்குள் புன்னைவிளை தன்னைச் சரிசெய்துகொண்டது. கட்டில்கள் திருப்பப்பட்டன, விளக்குமாடங்கள் எதிர்ச்சுவருக்குப் போயின, பள்ளிவாசலில் மோதினார் பாய்களைச் சுருட்டி மறுபக்கமாக விரித்தார், அம்மன் கோயில் பூசாரி சற்று யோசித்துவிட்டு, முந்நூறு வருடமாக ஒரே பக்கம் பார்த்துக் களைத்தவள் கொஞ்ச நாள் மறுபக்கமும் பார்க்கட்டும் என்று தீபத்தை மட்டும் மாற்றிவைத்தார். மேற்கு வரிசையில் பாத்திரக்கடை வைத்திருந்த செல்லையா அண்ணாச்சி, வெயில்பட்டு எவர்சில்வர் கண்ணைக் கூசவைத்ததால், பதினேழு அடுக்குப் பானைகளையும் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோனார். பேச்சியோ மரியாதை தெரிந்த பிள்ளை. பிறர் பொருளைக் கலைத்துவிட்டோமே என்று இரவெல்லாம் வருந்தி, ஞாயிறு விடிந்ததும் யாரும் சொல்லாமலே கட்டையேறி, இன்னொரு பாதிச் சுற்றைச் சுற்றி, ஊரை இருந்தபடியே வைத்துவிட்டாள். இவ்வாறாக, சரிசெய்யப்பட்டவை எல்லாம் மறுபடி பிழையாகிவிட, அந்த ஞாயிறு முழுவதும் புன்னைவிளையில் கட்டில்கள் இழுபடும் ஓசையைத் தவிர வேறோர் ஓசையும் கேட்கவில்லை.

திங்கள் மாலை கிட்டங்கி வாசலில் ஊர் கூடியது.

"ஒரு நேரம் காலம் வேண்டாமா?" என்றார் செல்லையா அண்ணாச்சி. "பதினேழு அடுக்கு. ரெண்டு தடவ எறக்கி ஏத்திருக்கேன். இடுப்பு என் இடுப்பாவே இல்ல."

"ஒங்க இடுப்பு போன வருஷமே ஒங்களுது இல்லையே அண்ணாச்சி," என்றாள் தங்கக்கனி. "நாப்பது வருஷமா எங்க வரிசை சாயங்கால வெயில்ல வெந்துச்சு. ஒருநாள் ஒங்க மேல பட்டதுக்கு ஊரக் கூட்டுதிய."

"ஒம் மக திருப்புதா, நீ பேசுவ."

"எம் மக திருப்பாட்டாலும் பேசுவேன்."

வார்டு உறுப்பினர் ஜெயக்கொடி இருவரையும் கையமர்த்தினாள். "பிள்ளைய ஒண்ணும் சொல்லாதிய. அது படிக்குது. படிக்கிற பிள்ளைக்கு அங்கன இங்கன பிசகத்தான் செய்யும். ஏ தாயி, நீ எப்பப்பத் திருப்புவன்னு மட்டும் சொல்லிரு."

"நாலரைலேருந்து அஞ்சரை, சித்தி," என்றாள் பேச்சி.

அன்று முடிவான ஏற்பாடு பின்னர் மாறவேயில்லை. நாலரை மணியிலிருந்து ஐந்தரை மணிவரை யாரும் எதையும் திருப்பிவைப்பதில்லை; ஐந்தரைக்குக் கிட்டங்கியின் மணி அடித்தபின், ஊர் எந்தப் பக்கம் நின்றிருக்கிறதோ அதற்கேற்பத் திருத்திக்கொள்வது; ஒருநாள் கிழக்கு வரிசைக்கு நிழல், மறுநாள் மேற்கு வரிசைக்கு நிழல்; பேச்சிக்குக் காய்ச்சல் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது. நான்கு கால்களிலும் சக்கரம் வைத்த கட்டில்களைத் தச்சர் செய்யத் தொடங்கினார். பேருந்தில் ஏறுகிறவர்கள், "இன்னைக்கு ஊரு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற சன்னலில் உட்கார்ந்தார்கள். நாட்காட்டியில் கிழக்கே சூலம் என்று கண்டவர்கள், கிழக்கே போயே தீரவேண்டிய நாள்களில், பேச்சிக்கு முதல்நாளே ஆளனுப்பி, ஊரைத் திருப்பி வைக்கச் சொல்லி, தங்கள் கிழக்கு வாசலிலிருந்து மேற்கு நோக்கி மனநிறைவோடு இறங்கி, பிறகு ஊரைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போனார்கள். நான்கு மைல் கூடுதலாக நடப்பதைப் பற்றி எவரும் குறைசொல்லவில்லை. புரட்டாசியில் பக்கத்து நகரத்தில் நடந்த வட்டாரப் போட்டியில் பேச்சி பாதிச் சுற்றுச் சுற்றியபோது அந்த நகரம் அசையவில்லை. முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் புன்னைவிளைதான் திரும்பியது. கட்டை எந்த ஊரில் இருந்தாலும் பேச்சியின் காலில் கட்டுண்டது தங்கள் ஊரே என்று அன்று தெரிந்துகொண்ட மக்கள், அதன்பிறகு அவளை வீட்டுப் பிள்ளையைப்போல உரிமையோடு சாப்பிடச் சொல்லித் தொந்தரவு செய்தார்கள்.

ஐப்பசியில் ரோஸ்லின் அடுத்த பாடத்தைத் தொடங்கினாள். மார்கழியில் திருச்சியில் மாநிலப் போட்டி. அதில் கட்டையேறுகிறவர்கள் ஒற்றைக் காலில் முழுச் சுற்றுச் சுற்றியாக வேண்டும். பாதிச் சுற்றுக்கு அங்கே மதிப்பில்லை.

"முழுசும் சுத்தினா ஊரு இருந்த எடத்துக்கே வந்திரும்லா?" என்று கேட்டார் செல்லையா அண்ணாச்சி.

"வந்திரும்," என்றாள் ரோஸ்லின்.

"அப்ப நல்லாச் சுத்தட்டும். இதத்தான நான் மொதல்லேருந்து சொல்லுதேன்."

முழுச் சுற்று பாதிச் சுற்றின் இரு மடங்கு அன்று என்பதைப் பேச்சி முதல் வாரத்திலேயே கண்டாள். பாதிச் சுற்றில் உடல் தன் துணிச்சலாலேயே போய்ச் சேர்ந்துவிடும். முழுச் சுற்றிலோ, துணிச்சல் பாதி வழியில் தீர்ந்துபோகும். மீதி வழியைக் கண்தான் நடத்தவேண்டும். கட்டையின் முனையைக் கண்ணால் பிடித்து, உடல் திரும்பும்போதும் அதை விடாமல், இனி முடியாது என்னும் நிலையில் தலையைச் சட்டென்று சுழற்றி, மறுபடி அதே முனையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். பேச்சி கிழக்கு நோக்கி நின்று தொடங்குவாள். தெற்கு வாசல் கடக்கும். மேற்கு வாசல் கடக்கும். வடக்கு வாசல் கடக்கும். பிறகு கிழக்கு வாசலும், அதன் முன்னே கட்டையின் முனையும், அதற்கு நேர் பின்னே தெருவுக்கு அப்பால் தாயின் அடுப்பும் ஒரே கோட்டில் வந்து நிற்கும்.

ஐப்பசி பதினெட்டாம் நாள், வடக்கு வாசல்வரை தடையின்றிச் சுற்றிவந்த பேச்சி, முனையைப் பிடிக்கவேண்டிய கண்ணால் அடுப்பைப் பிடித்துவிட்டாள். கால் வழுக்கிற்று. அவள் மெத்தையில் விழ, ஊர் முக்கால் சுற்றில் திடீரென்று நின்றது. செல்லையா அண்ணாச்சியின் பதினேழு அடுக்கும் சரிந்தன. தங்கக்கனியின் சட்டியிலிருந்த எண்ணெய், நிற்கத் தெரியாமல், ஓர் அலையாக எழுந்து விளிம்பைக் கடந்து அவளுடைய இடது மணிக்கட்டில் விழுந்தது.

தங்கக்கனி கையை மாவுத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, மறுகையால் அடுப்பைத் தணித்தாள். வளையலைப்போலச் சுற்றி வந்த அந்தப் புண்ணைச் சேலைத் தலைப்பால் மூடியே வைத்திருந்தாள். மூடப்பட்டிருப்பதே பேச்சிக்குப் போதுமான செய்தியாக இருந்தது. அன்றுமுதல் அவள் கால், வடக்கு வாசல் வந்ததும், யாரோ கைதட்டி நிறுத்தியதைப்போல நின்றது. விழவில்லை, தடுமாறவில்லை, குதிகால் தானாக இறங்கியது. ஊரும் முக்காலில் நின்றது. பின்னர் அவள் பின்னோக்கிச் சிறுகச் சிறுக நகர்ந்து ஊரை இருந்த இடத்துக்குக் கொண்டுபோய் விடுவாள்.

"ஒனக்குக் கால்ல ஒரு கோளாறும் இல்ல," என்றாள் ரோஸ்லின். "கண்ணுதான். எதப் பாக்கக்கூடாதோ அதப் பாத்துருவோமோன்னு முன்னாடியே நிப்பாட்டுத."

"தெரியுதுக்கா. நிக்குது."

எண்ணெய் சிந்தியதற்கு ஊர் வேறு காரணமும் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர் சுடலைமணி. பத்தொன்பது வருடமாக ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் சீட்டுக் கிழிக்கும் அவர், ஒருநாள் மாலை ஊர் சுழலும்போது கடைத்தெருவில் நின்று மக்களைக் கவனித்தார். எல்லாரும் தூணையும் கதவையும் பற்றிக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, ஊரோடு மல்லுக்கு நின்றார்கள்.

"வளைவுல கம்பியப் பிடிச்சவன்தான் விழுவான்," என்றார். "அதுகூடவே போறவன் விழ மாட்டான். குதிகாலத் தூக்குங்க. முட்டியத் தளத்துங்க. ஊரு போற பக்கம் நீங்களும் போங்க. பானையையும் புடிக்காதிய, அது போக்குல விடுங்க."

"இந்த வயசுல என்ன ஆட்டக்காரியாக்கப் பாக்கிய," என்றாள் ஜெயக்கொடி. ஆனால் முதலில் குதிகாலைத் தூக்கியவளும் அவளே.

கார்த்திகை பிறப்பதற்குள் புன்னைவிளை முழுவதும் சுற்றக் கற்றுக்கொண்டது. நாலரை மணி ஆனதும், தராசைத் தூக்கியவர் தூக்கியபடியும், சவரம் செய்கிறவர் கத்தியை அகற்றியபடியும், நீர்க்குடம் சுமந்தவள் இடுப்பை ஒசித்தபடியும் முன்பாதத்தில் எழுந்து நிற்க, ஊர் மெல்லத் திரும்ப, அவர்களும் அதனோடு சென்று, மெல்லக் குதிகாலை இறக்கி, விட்ட பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பானைகள் சரியவில்லை. குடங்கள் தளும்பவில்லை. எண்ணெய் மட்டும் சோதிக்கப்படாமல் இருந்தது. ஏனெனில் தங்கக்கனி, தன் மகளின் மனம் அமைதியாக இருக்கட்டும் என்று, நாலரை மணிக்கு அடுப்பையே அணைத்துவிட்டிருந்தாள்.

அப்படியும் பேச்சி வடக்கு வாசலில்தான் நின்றாள். முன்பு ஒரு கணம் தயங்கியவள், இப்போது அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே தயங்கினாள்.

போட்டிக்கு நான்கு நாள் இருந்த ஒரு மாலையில், உளுந்து ஊறிய பாத்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு தாயும் மகளும் தோல் களைந்தார்கள்.

"அடுப்பத்தான் அணைச்சிட்டேன்லா. இன்னும் எதுக்குட்டி நிக்க?" என்று கேட்டாள் தங்கக்கனி.

பேச்சி தண்ணீரில் மிதந்த தோலை ஒதுக்கினாள். "அணைஞ்ச அடுப்பப் பாத்தா, நீ பயந்துட்டேன்னு தெரியுதும்மா."

"நான் எங்க பயந்தேன்?"

"பின்ன எதுக்கு அணைக்க?"

தங்கக்கனியின் மணிக்கட்டில் புண் ஆறி, தோல் புதிதாக மின்னியது. அதை முதன்முறையாக மறைக்காமல் பாத்திரத்துக்குள் விட்டு உளுந்தை அளைந்தாள்.

"சரி. இனிமே அணைக்கல. எண்ணெய நான் பாத்துக்கிடுதேன். கட்டைய நீ பாரு. நான் கட்டையப் பாத்து, நீ எண்ணெயப் பாத்து, ரெண்டும் கெட்டுப்போவுது."

"மறுபடி கைல கொட்டிட்டுன்னா?"

"கொட்டினா எங் கைதான? ஒங் காலு இல்லையே. ஒழுங்காத் தோல களை, கல்லு கெடக்கு பாரு."

மறுநாளும் அடுத்த நாளும் நாலரை மணிக்கு அடுப்பு எரிந்தது. பேச்சி இருநாளும் வடக்கு வாசலில் நின்றாள். ஆனால் இரண்டாம் நாள், நின்றபின், குதிகாலை இறக்கவில்லை. முன்பாதத்திலேயே ஐந்து எண்ணும்வரை நின்று, அதன்பிறகே இறக்கினாள். ரோஸ்லின் அதைக் கவனித்து, கட்டையின் கிழக்கு முனையில் வெள்ளைப் பொடியால் ஒரு சிறு கோடு போட்டாள்.

"திருச்சிலயும் இப்படிக் கோடு போட்டுக்கிடலாம். விதில எடம் இருக்கு. அது எந்த ஊருக் கட்டையா இருந்தாலும் கோடு ஒன்னுதான்."

மூன்றாம் நாள் ஊரை நேராக வைத்துவிட்டு இருவரும் பேருந்து ஏறினார்கள்.

போட்டியன்று காலை பத்து மணிக்குக் கடைத்தெரு தயாராக இருந்தது. பத்தரையிலிருந்து பதினொன்றுக்குள் பேச்சியின் முறை என்று ரோஸ்லின் சொல்லியனுப்பியிருந்தாள். நிமிடம் சொல்ல அவளாலும் இயலவில்லை. பத்தேகாலுக்கே ஊர் பாதி திரும்பி நின்று, உடனே மறுபாதி திரும்பி வந்தது. எல்லாரும் பதறி எழுந்தபின்தான் அது வெள்ளோட்டம் என்று விளங்கிற்று. அதன்பின் யாரும் குதிகாலை இறக்கத் துணியவில்லை.

"எம்மா, கெண்டைக்கால் பிடிக்குது," என்றாள் ஜெயக்கொடி.

"நம்ம பிள்ளைக்கும் பிடிக்கத்தான் செய்யும். நில்லுங்க," என்றார் சுடலைமணி. அன்று அவர் விடுப்பு எடுத்திருந்தார்.

செல்லையா அண்ணாச்சி, முன்பாதங்களில் நடந்தே தெருவைக் கடந்து, வடைக்கடைக்கு வந்தார். சட்டியில் எண்ணெய் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே கொதித்துக்கொண்டிருந்தது. தங்கக்கனி உளுந்தவடைக்கு மாவைத் தட்டி நடுவில் துளையிட்டுக்கொண்டிருந்தாள்.

"தாயி, இன்னைக்கு ஒருநாள் அணைச்சிரு. பாதில பிள்ள நின்னுட்டான்னா..."

"எண்ணெய் காஞ்சிட்டு அண்ணாச்சி."

"அதத்தான் சொல்லுதேன்."

"காஞ்ச எண்ணெய எதுக்கு வீணாக்க?" என்று சொல்லி, வடைகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டாள்.

பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடத்தில் புன்னைவிளை புறப்பட்டது. அது முந்தைய மாலைகளில் திரும்பியதைப்போன்ற திருப்பம் அன்று. ஆழ மூச்செடுத்து எழுந்த ஒருத்தியின் தோள்களைப்போல ஊர் முதலில் சற்று உயர்ந்து, உயர்ந்த இடத்திலேயே ஒரு கணம் நிமிர்ந்து நின்று, பிறகு அம்மன் கோயிலும் பள்ளிவாசலும் பதினேழு அடுக்குப் பானைகளும் சக்கரம் வைத்த கட்டில்களும், முன்பாதத்தில் நின்ற ஆண்களும் பெண்களும், அவர்கள் கையிலிருந்த தராசும் குடமும், கிட்டங்கியும், ஆளற்ற கட்டையும், கட்டையின்மேல் வரிசை தவறாத எறும்புகளும் ஆக எல்லாம் ஒன்றையொன்று பற்றாமல் ஒன்றாகச் சுற்றத் தொடங்க, வடைக்கடையின் பின்னாலிருந்த வெயில் இடப்பக்கமாக வந்து, முன்வாசலில் ஏறி, தங்கக்கனியின் முகத்தில் பட்டு, வலப்பக்கமாகக் கடந்து, முக்கால் சுற்றின் எல்லையை அடைந்தது.

அங்கே ஊர் தயங்கியது.

எல்லாரும் அதை உள்ளங்காலில் உணர்ந்தார்கள். திருச்சியில், வேற்றூர்க் கட்டையின்மேல், வேற்றூர் விளக்குகளின் கீழ், ஒரு பிள்ளை தன் ஊரின் வடக்கு வாசலுக்கு வந்துவிட்டாள். கடைத்தெருவில் யாரும் மூச்சுவிடவில்லை; தூணைப் பற்றவும் இல்லை. குதிகால்கள் நடுங்கின, இறங்கவில்லை. சட்டியில் எண்ணெய் மெல்லச் சாய்ந்து, இடப்பக்க விளிம்புவரை ஏறி, அதற்குமேல் ஒரு நூலளவு எழுந்து, ஆறிய மணிக்கட்டுக்கு எதிரே ஒரு கண்ணாடித் தகடுபோல நின்றது. கையை இழுத்துக்கொள்ள நேரம் இருந்தது. தங்கக்கனி இழுத்துக்கொள்ளவில்லை. வடை புரட்டும் கம்பியை மறுகையில் பிடித்தபடி, எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டங்கியின் பக்கமோ, கட்டையின் பக்கமோ, திருச்சி இருக்கும் திசையின் பக்கமோ அவள் பார்க்கவேயில்லை. தன் பங்கை மட்டும் பார்த்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று என்று எண்ணக்கூடிய நேரம் கழிந்தது.

பிறகு ஊர், தலையைச் சட்டென்று திருப்பிக்கொண்டவளைப்போல, மீதிக் கால் சுற்றையும் ஒரே வீச்சில் கடந்தது. எண்ணெய் விளிம்பிலிருந்து இறங்கிச் சட்டிக்குள் உட்கார்ந்தது. வெயில் கடையின் பின்னால் போய்ச் சேர்ந்தது. எங்கோ ஆழத்தில், நிலத்துக்கு அடியில், சிறு குதிகால் ஒன்று மரத்தின்மேல் இறங்கும் ஓசை கேட்டது. அந்த ஓசையைத் தொடர்ந்து ஊர் ஒரு விரற்கடை அதிகமாகப் போய், நின்று, அசையாதிருந்தது.

புன்னைவிளை முழுவதும் குதிகாலை இறக்கியது. நானூறு வீடுகளின் குதிகால்கள்.

செல்லையா அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாலு வடை கட்டு தாயி," என்றார். "இல்ல, அஞ்சு."

சற்று நேரத்தில் ஜெயக்கொடியின் கைபேசி ஒலித்தது. முடித்துவிட்டாளா என்று யாரும் கேட்கவில்லை. எத்தனையாவது இடம் என்று மட்டும் கேட்டார்கள். பதினோராவது இடம். நடுவில் நின்றதற்கும் கடைசியில் விரற்கடை பிசகியதற்கும் மதிப்பெண் குறைத்திருந்தார்கள்.

"ஒரு ஊரையே திருப்பிருக்கா, பதினொண்ணாம் எடமா?" என்றார் அண்ணாச்சி. "மத்த பத்துப் பேரும் எந்த ஊரத் திருப்புனாளுவளாம்?"

மறுநாள் மாலை பேச்சி வந்த பேருந்து, வடக்கு எல்லைக்கல்லைத் தாண்டும்போது ஒருமுறை குலுங்கியது. நடுவில் விரற்கடையாக இருந்த பிசகு, எல்லைக்கு வரும்போது ஒரு சாண் ஆகியிருந்தது. வெளிச்சாலையும் உள்சாலையும் அங்கே ஒரு சாண் விலகி நின்றன. பேச்சி சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன மாமா?"

"நீ வச்ச குதிகால்," என்றார் சுடலைமணி.

"நாளைக்கு நேராக்கிருதேன்."

"வேண்டாம் தாயி. நேத்துலேருந்து இங்கன குலுங்கினாத்தான் ஊரு வந்துட்டுன்னு எல்லாருக்கும் முழிப்புத் தட்டுது. நான் விசிலடிச்சுத் தொண்டத் தண்ணி வத்த வேண்டாம்."

வழியில் பத்து வீடுகளில் உட்காரவைத்து ஏதேதோ கொடுத்தார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஒன்றையும் உண்ணாமல், அவள் கடைக்கு வந்து சேர்ந்தபோது தங்கக்கனி கல்லில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். பேச்சி பையை இறக்கிவிட்டு, முதலில் தாயின் இடது கையை எடுத்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய தழும்பு மட்டும் இருந்தது. புதிதாக ஒன்றுமில்லை.

தங்கக்கனி கையை விடுவித்துக்கொண்டு, ஓலைப்பெட்டியைத் திறந்து, நேற்றைய வடைகளில் எடுத்துவைத்திருந்த ஒன்றை நீட்டினாள். அதன் ஒரு பக்கம் பொன்னிறமாகவும் மறுபக்கம் நன்றாகக் கறுத்தும் இருந்தது.

"கருகிட்டு," என்றாள். "வடக்க ரொம்ப நேரம் நின்னுட்ட."

பேச்சி அதைக் கையில் வாங்கி, ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பார்த்து, கறுத்த பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கினாள்.